ஜப்பான் சரணடைந்த பத்திரத்தில் ஏன் அடித்தல் திருத்தல்?

இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஜப்பான் சரணடைந்த பத்திரத்தின் படத்தில் நாட்டுப் பெயர்கள் அடித்துத் திருத்தியிருப்பதைப் பார்த்து, இது போலியோ என்று கேட்பவர்கள் உண்டு. போலி இல்லை. 1945 செப்டம்பர் 2, டோக்கியோ விரிகுடாவில் நின்ற அமெரிக்காவின் மிசௌரி போர்க்கப்பலில் பத்திரம் இரண்டு பிரதிகளில் கையெழுத்தானது. நேச நாடுகளின் பிரதி சுத்தமாக இருக்கிறது. கோளாறு ஜப்பானுக்குக் கொடுத்த பிரதியில்தான்.

கனடா சார்பில் வந்த கர்னல் காஸ்கிரேவ் கனடாவுக்கான கோட்டில் போடாமல், அதற்குக் கீழே பிரான்சுக்கான கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். முதல் உலகப்போரில் ஒரு கண் பார்வையை இழந்தவர் அவர். அதுதான் காரணம் என்பார்கள். பின்னால் வந்தவர்களும் வரிசையாக ஒரு கோடு இறங்கினார்கள். பிரான்சின் லெக்லேர் நெதர்லாந்து கோட்டில், நெதர்லாந்தின் ஹெல்ஃப்ரிச் நியூசிலாந்து கோட்டில். கடைசியில் வந்த நியூசிலாந்துக்காரர் இசிட்டுக்குக் கோடே மிஞ்சவில்லை! பாவம், அடியில் வெற்றிடத்தில் போட்டார்.

ஜப்பானியத் தரப்பு இதைக் கவனித்து ஆட்சேபித்தது. நேச நாடுகளின் தலைமைத் தளபதி மெக்ஆர்தரின் தலைமை அதிகாரி சதர்லேண்ட், அச்சிட்ட நாட்டுப் பெயர்களை அங்கேயே அடித்து, சரியான பெயர்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். நம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அடித்தல் திருத்தலுக்குச் சான்று எழுதுவார்களே, ஏறக்குறைய அதுதான். ஜப்பான் தரப்பில் கையெழுத்திட்ட ஷிகெமித்சு, உமெசு இருவரின் இடத்திலும் குழப்பமில்லை; சரணடைதலின் செல்லுபடிக்குப் பாதிப்பு எதுவும் வரவில்லை.