ஸ்பீடு டெஸ்ட்டில் 100, ஜூமில் மட்டும் குரல் வெட்டுது: காட்பாடி நண்பருக்கு

மாடி ரூம்ல ராத்திரி ஜூம் பேசினா குரல் வெட்டுது, ஸ்பீடு 100 எம்பிபிஎஸ் காட்டுதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த 100-ஐ விடுங்க சார். ஒருத்தரோட 720பி (எச்டி தரம்) வீடியோவுல பேச ஏறக்குறைய 1.2 எம்பிபிஎஸ் போதும். குரல் சின்னச் சின்ன டேட்டா துண்டாத்தான் (பாக்கெட்) வருது; அது தாமதமா, தாறுமாறா வந்தாலும் குரல் வெட்டும்.

வெட்டுற அதே நேரத்துல கம்ப்யூட்டர்ல ரெண்டு கமாண்ட் விண்டோ (விண்டோஸ்ல cmd) திறங்க. ஒண்ணுல ping-னு அடிச்சு ரவுட்டரோட ஐபி முகவரி (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொண்ணுல ping-னு அடிச்சு 8.8.8.8 (வெளியில இருக்கிற கூகுள் சர்வர்). பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பிங் காட்டும்; அஞ்சு நிமிஷம் ஓடட்டும். விண்டோஸ்ல நாலு தடவையோட நின்னுடும். நிக்காம ஓட, கடைசியில ஒரு இடம் விட்டு ஹைஃபன் போட்டு டி (-t) சேருங்க.

ரவுட்டர் பிங்கே 3 மில்லிசெகண்ட்ல இருந்து 200-க்குத் தாவினா, கோளாறு வைஃபையில. கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் சரியா தாண்டாது, லேன் கேபிள் இழுத்துடுங்க. ரவுட்டர் சீரா இருந்து 8.8.8.8 மட்டும் 'டைம்டு அவுட்' (பதில் வரல)னா பெரும்பாலும் கோளாறு வெளியில இருந்து வர்ற இன்டர்நெட் லைன்லதான். அந்த நேரம் போன்ல போட்டோ பேக்கப் ஓடி லைனை அடைக்குதான்னு மட்டும் பாத்துட்டு, நெட் கம்பெனிக்கு ஸ்கிரீன்ஷாட்டோட கம்ப்ளைன்ட் போடுங்க.