கடலூர் சில்வர் பீச்ல தினம் நடந்தும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 212, எறங்கவே மாட்டேங்குது

தப்பு உங்க மேல இல்ல. 34 வயசு, ஒல்லி உடம்பு, ஒரு வருஷமா வாக்கிங், மீனு முட்டை கூட விட்டாச்சு, அப்பாவுக்கு 46ல ஹார்ட் அட்டாக்குன்னு எழுதிருக்கீங்க, இதெல்லாம் சேர்த்துப் பார்த்தா பரம்பரைல வர்ற கொலஸ்ட்ராலா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரத்தத்துல இருக்கற எல்டிஎல்ல கல்லீரல்தான் இழுத்துக்கணும், அதுக்கான ஜீன்ல கோளாறுன்னா எவ்ளோ நடந்தாலும் அந்த இழுக்கற வேலை பாதிதான் நடக்கும். சுமார் 250 பேர்ல ஒருத்தருக்கு இந்தக் கோளாறு இருக்கு, அபூர்வம்லாம் கிடையாது.

ஒண்ணு செஞ்சு பாருங்க. குதிகாலுக்கு மேல பின்பக்கம் இருக்கற தசைநாரை ரெண்டு விரலால புடிச்சு மேல தடவுங்க, கயிறு மாதிரி தடிச்சோ முடிச்சு முடிச்சாவோ இருக்கா? இருந்தா அது இந்த நோயோட அடையாளம். எங்க பெரிய மாமாவுக்கு அப்படி இருந்துச்சு, செருப்பு கடிச்சதுன்னே வருஷக்கணக்கா நெனச்சிட்டு இருந்தோம். இல்லன்னாலும் நோய் இல்லன்னு ஆகிடாது.

மாத்திரைக்கு முன்னாடி தைராய்டு ஒரு தடவ பாத்துடுங்க, அது கொறஞ்சாலும் எல்டிஎல் ஏறும். அப்புறம் டாக்டர் ஸ்டாட்டின்னு கொலஸ்ட்ரால் கொறைக்கற மாத்திரை சொன்னா பயப்படாதீங்க, நல்ல டோஸ்ல பாதியா எறக்கும், சாப்பாட்டால அவ்ளோ எறங்காது. நம்பர் நார்மலானதும் நீங்களா நிறுத்திடாதீங்க, திரும்ப ஏறிடும்.

மீனை ஏன் விட்டீங்க, துறைமுகத்துல மத்தி வாங்கி கொழம்பு வெச்சு சாப்புடுங்க. வாக்கிங்கயும் விடாதீங்க, சுகர் பிரஷர் பக்கம் வராம அதுதான் காப்பாத்தும்.

தங்கச்சிக்கும் உங்க பையனுக்கும் கட்டாயம் டெஸ்ட் எடுங்க, உங்களுக்கு இது பரம்பரைன்னா ஆளுக்கு பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு.