பழைய டேப்லெட்டுக்கு வேறு ஓஎஸ்: போடலாம், ஆனால் உங்கள் ஃபோனுக்கு வேண்டாம்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2020 கடைசியில் வாங்கிய சாம்சங் கேலக்ஸி டேப் ஏ7 வீட்டில் இருக்கிறது. வைஃபை மட்டும் உள்ள மாடல். ஆண்ட்ராய்டு 12க்கு மேல் வரவில்லை. எதைத் தொட்டாலும் இழுத்துக்கொண்டு நிற்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் பாட வீடியோ பார்க்கவும் பிடிஎஃப் படிக்கவும்தான் அதை வைத்திருக்கிறாள். ரிச்சி தெருவில் ஒரு கடையில், வேறு ஓஎஸ் போட்டுத் தருகிறோம், 1,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். போடலாமா? நானே வீட்டில் செய்துகொள்ள முடியுமா? சரியாக வந்தால் என் ஃபோனுக்கும் அப்படியே போடலாம் என்று பார்க்கிறேன். தமிழில் எழுத வருமா என்பதையும் சொல்லுங்கள்."

டேப்லெட்டுக்குப் போடலாம். வீட்டிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலைதான். ஃபோனுக்கு வேண்டாம், ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: இழுப்பதற்குக் காரணம் ஓஎஸ்தானா? டேப் ஏ7இல் இருப்பது 3 ஜிபி ரேம், ஸ்னாப்டிராகன் 662 சிப். எந்த ஓஎஸ் போட்டாலும் அந்த 3 ஜிபி 4 ஆகப் போவதில்லை. செட்டிங்ஸில் ஸ்டோரேஜைப் பாருங்கள். 32 ஜிபியில் 30 நிரம்பியிருந்தால் புத்தம் புதுச் சாதனமே திணறும். தேவையில்லாததை அழித்து, ஒரு தடவை ஃபேக்டரி ரீசெட் செய்து, மகளுக்கு வேண்டிய நான்கைந்து ஆப்களை மட்டும் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். என்னிடம் வருபவர்களில் பலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அப்புறம், டேப்லெட்டை மேஜைமேல் மல்லாக்க வைத்துப் பாருங்கள். தட்டையாக உட்காராமல் ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஓஎஸ் பேச்சை விட்டுவிட்டு பேட்டரியை மாற்றுங்கள்.

ரீசெட்டுக்குப் பிறகும் இழுக்கிறது, பாதுகாப்பு அப்டேட்டும் வருவதில்லை என்றால்தான் வேறு ஓஎஸ். உங்கள் டேப்லெட்டுக்கு நான் சொல்வது லீனியேஜ்ஓஎஸ். இதுவும் ஆண்ட்ராய்டுதான். ஆண்ட்ராய்டின் மூல நிரலை கூகுள் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. கம்பெனிகள் அதன்மேல் தங்கள் சொந்தப் பூச்சையும் ஆப்களையும் ஏற்றி விற்கின்றன. அந்தப் பூச்சு இல்லாமல், தன்னார்வலர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகத் தயாரித்துத் தருவது லீனியேஜ். பழைய ஆட்களுக்கு சயனோஜென்மோட் நினைவிருக்கும். 2016 கடைசியில் அது மூடப்பட்டபோது அதிலிருந்து கிளைத்தது இது. உபுண்டு டச் என்றும் ஒன்று உண்டு. 2017இல் கனானிக்கல் நிறுவனம் கைவிட்ட பிறகு யூபிபோர்ட்ஸ் குழு அதை வளர்த்துவருகிறது. எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் பாட ஆப்கள் ஓட வேண்டிய இடத்தில் அதைப் போட்டால் வீட்டில் சண்டைதான் வரும். சிலர் ஐபேடைக் கொண்டுவந்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஐபேடில் ஆப்பிள் ஒப்பமிட்ட ஓஎஸ் தவிர வேறு எதுவும் ஏறாது. ஜெயில்பிரேக் என்பது ஆப்பிளின் கட்டுப்பாடுகளை உடைப்பதுதான், ஓஎஸ்ஸை மாற்றுவது இல்லை.

இனி முக்கியமான இடம். இந்த வேலையில் எல்லாமே மாடல் எண்ணில்தான் இருக்கிறது. பெட்டியில் உள்ள பெயரை நம்பாதீர்கள். செட்டிங்ஸில் 'அபவுட் டேப்லெட்' பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வைஃபை டேப் ஏ7 என்றால் எஸ்எம்-டி500. சிம் போடும் வகை என்றால் எஸ்எம்-டி505. ஒரே பெட்டி, ஒரே உருவம், ஆனால் இரண்டுக்கும் ஃபைல் வேறு. லீனியேஜ் தளத்தில் டி500க்கும் டி505க்கும் தனித்தனிப் பக்கங்கள் இருக்கும். உங்கள் எண்ணுள்ள பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'இதுக்கும் அதுக்கும் ஒண்ணுதான் சார்' என்று யாராவது சொன்னால் டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். நான் இதைப் பணம் கொடுத்துக் கற்றவன். ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்களோடு வந்த ஒரு ஃபோனில், மற்றதன் ஃபைலை ஏற்றினேன். திரை கறுத்ததோடு சரி, சார்ஜர் குத்தினால்கூட அசைவில்லை. எங்கள் வட்டத்தில் அதைச் செங்கல் என்போம். இன்னும் என் மேஜையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தொடங்கும் முன் இழப்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். சாம்சங் சாதனங்களில் நாக்ஸ் என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. அதில் ஒரு மின் ஃபியூஸ் உண்டு. சாம்சங் ஒப்பமிடாத மென்பொருளை ஏற்றியதும் அது எரிந்துவிடும். பிறகு பழைய ஓஎஸ்ஸையே திரும்பப் போட்டாலும் அந்த ஃபியூஸ் உயிர்க்காது. செக்யூர் ஃபோல்டர் போன்றவை நிரந்தரமாகப் போய்விடும். வாரன்டி முடிந்து பல வருடம் ஆன டேப்லெட்டில் இதற்காக அழ வேண்டியதில்லை. சினிமா ஆப்களில் எச்டி தரம் குறைந்து மங்கலாகத் தெரியலாம், அது வீட்டில் கவனிக்கப்படும். இன்னொன்று: லீனியேஜ் தருகிற பாதுகாப்பு அப்டேட் ஆண்ட்ராய்டு பகுதிக்குத்தான். சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேர், சாம்சங் கடைசியாகக் கொடுத்த இடத்திலேயே நிற்கும். பாதி கிழவன், பாதி இளைஞன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வருவோம். டேப்லெட்டில் உள்ள படங்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். சாதனம் தொடங்கும்போது எந்த ஓஎஸ்ஸை ஏற்றலாம் என்று காவல் காக்கும் மென்பொருள்தான் பூட்லோடர். அதன் பூட்டைத் திறக்கும்போது ஒன்றுவிடாமல் அழிந்துவிடும். கூகுள் கணக்கை நீக்குங்கள், இல்லாவிட்டால் பிறகு பழைய பாஸ்வேர்டு கேட்டு வழிமறிக்கும். எஸ்டி கார்டைக் கழற்றிவிடுங்கள். லேப்டாப் பேட்டரியும் டேப்லெட் பேட்டரியும் நன்றாக ஏறியிருக்கட்டும். டெஸ்க்டாப்பில் செய்வதாக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். ஃபைல் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பெரம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேபிள் டேட்டா கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜுக்கு மட்டுமே உழைக்கும் மலிவுக் கேபிளை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கணினியின் டிரைவர் மென்பொருளைத் திட்டியவர்கள் நிறையப் பேர்.

செட்டிங்ஸில் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்பதை இயக்குங்கள். டேப்லெட்டை அணைத்து, சத்தம் கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே கணினியோடு இணைத்தால் எச்சரிக்கைத் திரை வரும். கூட்டும் பொத்தானை நீளமாக அழுத்தினால் பூட்லோடர் திறந்து, உள்ளே இருப்பதெல்லாம் அழியும். பலர் அவசரப்படும் இடம் இது. உடனே அடுத்த ஃபைலை ஏற்றாதீர்கள். டேப்லெட்டை முழுதாகத் தொடங்கவிட்டு, வைஃபையில் இணைத்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குத் திரும்பப் போய், அன்லாக் இன்னும் இயங்கும் நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே மேலே போகலாம்.

அடுத்தது ரெக்கவரி, அதாவது ஓஎஸ்ஸுக்கு வெளியே தனியாகத் தொடங்கி, ஓஎஸ்ஸை ஏற்ற உதவும் சிறு மென்பொருள். டேப்லெட்டை, கணினியிலிருந்து ஃபைல் வாங்கிக்கொள்ளும் டவுன்லோட் மோடில் வைத்து, லீனியேஜின் ரெக்கவரி ஃபைலை ஏற்ற வேண்டும். அதற்கு எந்தக் கருவி, எதற்குப் பின் எது என்பதை உங்கள் மாடல் பக்கத்தில் உள்ள வரிசைப்படியே செய்யுங்கள். யூடியூப் பார்த்து நடுவில் ஒன்றை மாற்றாதீர்கள். டேப்லெட்டில் இப்போது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு இருக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும், அதையும் படியுங்கள். ரெக்கவரி ஏறியதும் நேராக அதற்குள்ளேயே நுழைய வேண்டும். வழக்கமான திரைக்குப் போகவிட்டால் பழைய ஓஎஸ் தன் ரெக்கவரியைத் திரும்ப எழுதிவிடலாம். அப்படி ஆனால் ஒன்றும் கெடாது, ஆனால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

உள்ளே போய் டேட்டாவை ஃபார்மேட் செய்துவிட்டு, ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக லீனியேஜ் ஃபைலை அனுப்புங்கள். கணினியில் சதவீதம் ஓடும். சில சமயம் 47இல் நின்றுவிடும். சேதி தோல்வி மாதிரியே இருக்கும். முதல்முறை செய்பவர்கள் இங்கேதான் பதறிப்போய் கேபிளைப் பிடுங்குகிறார்கள். 47இல் நிற்பது சகஜம். டேப்லெட் திரையில் என்ன சொல்கிறது என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

பிளே ஸ்டோர் லீனியேஜோடு சேர்ந்து வராது. மகளின் பாட ஆப்களுக்கு அது வேண்டும் என்றால், டேப்லெட்டை முதன்முறை தொடங்குவதற்கு முன்பே, ரெக்கவரியில் இருக்கும்போதே கூகுள் ஆப் தொகுப்பை ஏற்றிவிட வேண்டும். தொடங்கிவிட்டுப் பிறகு ஏற்றினால் தகராறுதான். திரும்ப ஃபார்மேட் செய்ய வேண்டிவரும். லீனியேஜ் பரிந்துரைப்பது மைண்ட்தகேப்ஸ் என்ற தொகுப்பு. ஏற்றும்போது ஒப்பம் சரியில்லை என்று ஒரு கேள்வி வரும், 'யெஸ்' கொடுங்கள். அந்தத் தொகுப்பு லீனியேஜின் சாவியால் ஒப்பமிடப்படாததால் வரும் கேள்வி அது. ஆனால் இந்த ஒரு ஃபைலுக்கு மட்டும்தான் அந்த 'யெஸ்'. முதல்முறை தொடங்கச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் காபி குடித்துவிட்டு வாருங்கள், பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள்.

கடைக்கே கொடுப்பதென்றாலும் தப்பில்லை. ரிச்சி தெருவில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஃபைல் எங்கிருந்து வருகிறது, மாடல் எண் என்ன? லீனியேஜ் தளத்தின் பெயரும் டி500 என்ற எண்ணும் பதிலாக வந்தால் கொடுக்கலாம். 'நம்மகிட்ட பென் டிரைவ்ல இருக்கு' என்றால் வேண்டாம், அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ரூட் செய்து, அதாவது ஓஎஸ்ஸுக்குள் எதையும் மாற்றும் முழு அதிகாரத்தைத் திறந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம். பிடிஎஃப் படிக்க ரூட் எதற்கு?

இப்போது உங்கள் ஃபோன். அதில் ஜிபேயோ ஃபோன்பேயோ வங்கி ஆப்போ இருக்கும், இல்லையா? வங்கி ஆப்கள் பல, கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையை நடத்திச் சாதனம் கைபடாததா என்று பார்க்கின்றன. பூட்லோடர் திறந்த ஃபோன் அதில் தேறுவது கடினம். ஏமாற்ற வழிகள் உண்டு. இன்று வேலை செய்யும், அடுத்த மாதம் நின்றுவிடும். டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது ஆப் திறக்காமல் போனால் உங்களுக்கே வெறுத்துவிடும். டேப்லெட்டில் இந்தக் கவலை கிடையாது. பதிவு செய்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போனால்தான் யுபிஐ இயங்கும் என்பதால், சிம் இல்லாத சாதனத்தில் அது எப்படியும் வராது.

எல்லா ஃபோனிலும் பூட்லோடர் திறக்கவும் விடமாட்டார்கள். ஹுவாவே 2018லேயே அன்லாக் கோடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. விவோ, ஓப்போவில் பெரும்பாலும் வழி கிடையாது. ஷாவ்மி, ரெட்மியில் கணக்கை இணைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். எளிதாக விடுவது கூகுள் பிக்சல்தான். மேசைக்குள் கிடக்கும் பழைய ஃபோன் ஏதாவது இருந்தால் அதில் கை பழகிக்கொள்ளுங்கள், தினம் சட்டைப்பையில் இருப்பதில் வேண்டாம். ஒருவேளை ஃபோனைக் கடையில் கொடுத்து, அவர்கள் ஃபோனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தருகிறோம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அது குற்றம், 3 ஆண்டுவரை சிறைகூட உண்டு.

தமிழைக் கேட்டிருந்தீர்கள். எழுத்துரு ஆண்ட்ராய்டிலேயே இருப்பதால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்ற பயம் வேண்டாம். லீனியேஜோடு வரும் கீபோர்டில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சொல் பரிந்துரையை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பிளே ஸ்டோர் ஏற்றியிருந்தால் ஜிபோர்டைப் போட்டு, இப்போது எழுதுகிற மாதிரியே 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி எழுதலாம். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் பழகியவர் என்றால் இண்டிக் கீபோர்டைத் தேடிப் பாருங்கள்.