இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேனோ என்று பயம் வருகிறது. இது பதற்ற நோயா, பேனிக் அட்டாக்கா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பேனிக் அட்டாக் மாதிரிதான் தெரிகிறது. நான் டாக்டர் இல்லை, பல வருடமாக இதோடு குடித்தனம் நடத்துகிறவன்.

பேனிக் அட்டாக் திடீரென்று வரும், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். பொதுப் பதற்ற நோய் வேறு ரகம்: பணம், உடம்பு, வேலை, பிள்ளைகள் என்று எதையாவது பற்றிய கவலை அநேகமாக எல்லா நாளும் இருக்கும், குறைந்தது 6 மாதமாவது நீடித்திருக்கும். தூக்கம் கெடும், கழுத்தும் தோளும் இறுகிக்கிடக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

எனக்கு வந்த ஒரு அட்டாக்கில் விரல்கள் விறைத்து மடங்கிக்கொண்டன. போன் கையிலேயே இருந்தும் யாரையும் கூப்பிட முடியவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற உணர்வு வேறு. பக்கவாதம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகுதான் காரணம் புரிந்தது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது. அதனால்தான் மரத்துப்போவது, விரல் மடங்குவது எல்லாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் கொஞ்சம் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும். மூச்சே கிடைக்காத மாதிரி தவிப்போம், ஆனால் ஆக்சிஜன் அளவு சரியாகவே இருக்கும். மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயமும் அநேகமாக வீண்தான். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும், பேனிக்கில் அது பெரும்பாலும் ஏறத்தான் செய்யும்.

சரி, இதயம் நன்றாக இருந்தும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். மாடி ஏறியதாலோ காபி குடித்ததாலோ நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்கிறது. மனம் அதை மாரடைப்பு என்று படிக்கிறது. பயத்தில் அட்ரினலின் ஏற, நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது, உடனே பயம் உறுதியாகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இங்கே பேய் நம் நாடித்துடிப்புதான்.

என்னைக் கேட்டால், அட்டாக்கை விட மோசமானது அடுத்தது எப்போது வருமோ என்று காத்திருப்பது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப அட்டாக் வந்து, இந்தப் பயமோ அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைப் பேனிக் நோய் என்கிறார்கள். லிஃப்டைத் தவிர்ப்பது, வாசல் பக்கமாகவே உட்காருவது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதது எல்லாம் இதில் சேர்த்தி. தப்பித்துவிட்ட நிம்மதி அப்போதைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் பயம் அதில்தான் கொழுக்கும். மெதுவாக மூச்சை வெளியே விடும் பயிற்சி நல்லதுதான், அதையும் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு திரிந்தால் பலன் இல்லை. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையிலேயே இதயம் அல்லது நுரையீரல் பிரச்சினையாக இருந்தால் அது ஆபத்து.

நன்றாக வேலை செய்வது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது பயமுறுத்தும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை (சிபிடி). அதில் நாற்காலியில் சுற்றவிடுவார்கள், ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வார்கள், நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார்கள். படபடப்பை நாமே வரவழைத்துப் பார்க்கிற வேலை! கேட்கக் கோமாளித்தனமாக இருக்கும், எனக்கு அதிகம் உதவியது அதுதான். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலன் தரச் சில வாரம் ஆகும், தொடக்கத்தில் படபடப்பு கூடவும் செய்யலாம், அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். உடனே அடக்கும் பென்சோடயசெபின் மாத்திரைகள் பழகிப்போகும், அவை டாக்டர் சொன்ன அளவுக்கும் காலத்துக்கும் மட்டும்.

தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். உடல் உழைப்பின்போது நெஞ்சு வலித்தாலோ, நிஜமாகவே மயங்கி விழுந்தாலோ பேனிக் என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி இன்னொரு எக்கோ எடுக்கும் செலவை மனநல மருத்துவரிடம் செலவழிக்கலாம். அட்டாக் எப்போதெல்லாம் வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எங்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் எதிரில் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.