பினாங்கில் கெராச்சுட் கடற்கரையும் பாலிக் புலாவ் ஜாதிக்காயும் சேர்ந்த ஒரு நாள் பயணம் காசுக்குத் தகுமா?

கேள்வியைக் கேட்டவர் கோலாலம்பூர்க்காரர். பள்ளி விடுமுறையில் அம்மா, கணவர், இரண்டு பிள்ளைகளோடு பினாங்குக்கு வருகிறார். அம்மாவுக்கு 66 வயது. வெளியே சுற்ற ஒரே நாள்தான் இருக்கிறது. வழிகாட்டியோடு பந்தாய் கெராச்சுட் (கெராச்சுட் கடற்கரை), அதன் பிறகு பாலிக் புலாவில் ஜாதிக்காய் பதப்படுத்தும் இடம் என்று ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். போகலாமா என்கிறார்.

கடலில் குளிக்கத்தான் வருகிறீர்கள் என்றால் வேண்டாம், பத்து ஃபெரிங்கி கடற்கரையிலேயே இருந்துவிடுங்கள். மற்றபடி தாராளமாகப் போகலாம். ஆனால் யார் கூட்டிக்கொண்டு போகிறார் என்பதை முதலில் பாருங்கள். நான் இதே பயணத்தை இரண்டு தடவை போனேன். முதல் தடவை வயிறெரிந்து வீடு திரும்பினேன். இரண்டாம் தடவை போய் வந்ததைப் பற்றி என் மாமியார் இன்றைக்கும் தீபாவளிக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசுகிறார்.

முதல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏஜெண்டிடம் காசு கட்டினோம். எட்டு மணிக்கு வர வேண்டிய வேன் ஒன்பதரைக்கு வந்தது. வேன் ஓட்டியவர்தான் வழிகாட்டியும். காட்டுப் பாதையில் நாங்கள் நடக்க ஆரம்பித்தபோது மணி பதினொன்று, உச்சி வெயில். கரைக்குப் போனதும் “இதான் பீச், ரெண்டு மணிக்கு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டுக் குடிசை நிழலில் படுத்துவிட்டார். “மதிய உணவு உட்பட” என்று போட்டிருந்தது ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு. “உள்ளூர் உணவு தயாரிப்பாளர்” என்பது டவுனில் ஒரு நினைவுப்பொருள் கடை. இதையெல்லாம் எங்கே செய்கிறீர்கள் என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் அலமாரியைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. நான் பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன், லீவு கிடைத்தால் தூங்கத்தான் தோன்றும். போன வருடம் ஈப்போவிலிருந்து மாமியார் வந்திருந்தார். கூட வேலை செய்கிற அக்கா ஒருத்தர் தெலுக் பஹாங் பக்கத்தில் வழிகாட்டியாக இருக்கும் தம்பி ஒருவரைச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வியே “அம்மாவுக்கு முட்டி எப்படிக்கா?” என்பதுதான். சரி, இவர் ஆள் வேறு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

உங்கள் அம்மாவுக்காக இதை நன்றாகச் சொல்ல வேண்டும். தேசியப் பூங்காவின் வாசல் தெலுக் பஹாங் கடைசியில் இருக்கிறது. டவுனிலிருந்து 101 பஸ் அங்கேதான் போய் முடியும். உள்ளே நுழையும் முன் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும், எல்லோருடைய ஐசியும் (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும். அங்கிருந்து கெராச்சுட்டுக்கு நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும், பிள்ளைகளோடு என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். ஏற்றம், இறக்கம், வேர்கள், படிகள் எல்லாம் உண்டு. கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முட்டி வலி உள்ளவர்களுக்கு அது பாதை இல்லை. படகுத்துறையிலிருந்து போட் போகிறது. ஆள் கணக்கில் இல்லை, ஒரு போட்டுக்கு இவ்வளவு ரிங்கிட் என்று பேசிக்கொள்வார்கள். நாங்கள் செய்தது இதுதான்: நானும் பிள்ளைகளும் தம்பியோடு நடந்தோம், அத்தையும் என் கணவரும் போட்டில் வந்தார்கள். திரும்பும்போது எல்லோருமே போட். போகும்போது நடை, வரும்போது போட் என்று வையுங்கள். களைத்த காலோடு இறக்கத்தில் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

பூங்கா சின்னதுதான். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், அதற்கு முன் பந்தாய் ஆச்சே வனக் காப்பகமாக இருந்தது. நிலமும் கடலும் சேர்ந்து சுமார் 2,500 ஹெக்டர். தமான் நெகாரா (தேசியப் பூங்கா) என்றதும் பகாங்கில் இருப்பதை நினைத்துக்கொண்டு புலியைத் தேடாதீர்கள். வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தொங்கு பாலம். அதைத் தாண்டினால் பாதை பிரியும். வலது பக்கம் கடலோரமாகக் குரங்குக் கடற்கரைக்கும் முக்கா ஹெட்டுக்கும் போகும், இடது பக்கம் மேட்டில் ஏறிக் கெராச்சுட்டுக்குப் போகும். முதல் தடவை இந்த வழியில் நான் பார்த்தது என் முன்னால் போனவரின் செருப்பை மட்டும்தான். இந்தத் தம்பி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்றார். ஒரு மரத்தில் பழைய வெட்டுத் தழும்புகளைக் காட்டி, ஜெலுத்தோங் என்றார். அந்தக் காலத்தில் இதன் பாலை எடுத்துச் சூயிங்கம் செய்ய அனுப்புவார்களாம். என் சின்னவன் அன்றைக்கு முழுக்க மரத்தைப் பார்த்தால் நக்கலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். மேலே கண்ணாடி போட்ட மாதிரி கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்குகள் இருந்தன. அவை சாது, இலையைத் தின்றுகொண்டு இருக்கும். சாதாரணக் கெரா குரங்குதான் திருடன். கரைக்குப் போனதும் மசால் வடை வைத்திருந்த பிளாஸ்டிக் பையை என் மகள் மேசைமேல் வைத்தாள். கை எடுத்தாளோ இல்லையோ, பை மரத்தில் இருந்தது. தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் கொண்டு போகாதீர்கள், முதுகுப் பைக்குள் டப்பாவில் வையுங்கள். அங்கே கடை எதுவும் கிடையாது. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும், குப்பை உங்களோடு திரும்பி வர வேண்டும்.

கரைக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது, விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஓடைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒரே இடத்தில் தங்கி, ஒன்றோடொன்று கலக்காமல் இரண்டு அடுக்காக நிற்கும். மேலே நல்ல தண்ணீர், குளிர்ச்சியாக இருக்கும். அடியில் உப்புத் தண்ணீர், அதுதான் சூடு. இந்த மாதிரி ஏரி உலகத்தில் அபூர்வம். ஆனால் வருடம் முழுக்க நிறைந்திருக்காது. முதல் தடவை நாங்கள் போனபோது வெடித்த சேறுதான் இருந்தது, வேனில் வந்த ஒருவர் “ஏரி எங்கேப்பா?” என்று சண்டைக்கே போய்விட்டார். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருந்தாலும் கண்ணுக்கு அது ஒரு சாதாரணக் குளம் மாதிரிதான் தெரியும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுவீர்கள்.

கடலில் ஏன் இறங்கக்கூடாது என்றால், ஜெல்லிமீனும் அடியில் இழுக்கிற நீரோட்டமும். எச்சரிக்கைப் பலகையே இருக்கிறது. பிள்ளைகள் கால் நனைக்கக் கெஞ்சுவார்கள். கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்.

அங்கே முக்கியமானது ஆமைக் காப்பகம்தான். 1995-இலிருந்து மீன்வளத் துறை நடத்துகிறது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை பெரும்பாலும் பச்சை ஆமைகள் முட்டையிட வரும், மலாய்க்காரர்கள் பென்யூ அகார் என்பார்கள். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை சின்ன ஆமை, தமிழ்நாட்டு மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்வது. இரவில்தான் வரும், பகலில் போகிறவர் தாய் ஆமையைப் பார்க்கப் போவதில்லை. பார்ப்பது வேலி போட்ட மணல். மணலில் வரிசையாகக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் தேதியும் எண்ணிக்கையும். வெறும் மணலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அத்தை முகத்தைச் சுளித்தார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியில் இருந்த எண்ணை வாசித்துக் காட்டினார். நூற்றுச் சொச்சம் முட்டை. “ஒரே ஆமை போட்டதும்மா. கரையில விட்டா உடும்பு, நாய், மனுசன் எல்லாம் எடுத்துடும். அதான் தோண்டி இங்க புதைக்கிறாங்க.” பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். உள்ளே ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் கூடும், குளிர்ந்தால் ஆண் கூடும். அதனால்தான் நிழல் வலை போடுகிறார்கள். அத்தை கொஞ்ச நேரம் அந்த மணலையே பார்த்துவிட்டு, “எங்க காலத்துல இந்த வெவரம் தெரிஞ்சிருந்தா உங்க தாத்தா என்னை வெயில்லயே நிக்க விட்டிருக்க மாட்டாரு” என்றார். அவருக்கு முதல் நாலும் பெண், கடைசியில்தான் என் கணவர். தம்பி சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் போட் முக்கா ஹெட் முனையைச் சுற்றி வரும். மேட்டில் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது, மரங்களுக்கு மேலே தலை மட்டும் தெரியும். போட்டில் அலை தூக்கிப் போடும். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள். மழைக் காற்று இருந்தால் போட் ஓடாது, அப்போது நடந்து வந்தவர் நடந்துதான் திரும்ப வேண்டும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பினாங்கில் மழை அதிகம், அதை மனதில் வையுங்கள்.

அங்கிருந்து பாலிக் புலாவுக்கு அணைக்கட்டைத் தாண்டி மலைப் பாதை, வளைவுக்கு மேல் வளைவு. என் பெரியவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அதனால் கடற்கரையை முதலிலும் பாலிக் புலாவைப் பின்னாலும் வையுங்கள், சாப்பாட்டை வளைவுகளுக்கு அப்புறம் பாலிக் புலாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே லக்சா என்கிற நூடுல்ஸ் குழம்பு இரண்டு வகை, புளிப்பில் அசாம், தேங்காய்ப் பாலில் சியாம். இரண்டிலும் மீன் இருக்கும், அம்மா சைவ நாளில் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டுரியான் காலம் ஜூன், ஜூலை வாக்கில். அந்த நேரத்தில் வந்தால் வழியெல்லாம் வண்டி நெரிசல், ஆனால் ஆங் ஹே என்கிற டுரியான் வகையில் ஒரு பழமாவது தின்னாமல் போகாதீர்கள்.

ஜாதிக்காய் செய்யும் இடம் ஒரு ஹொக்கியன் சீனக் குடும்பத்தின் வீட்டுப் பின்புறம், தகரக் கூரை. ஜாதிக்காய் இந்தத் தீவுக்குச் சொந்தமானது இல்லை. புலாவ் பினாங்கு என்ற பெயரே பாக்கு மரத்திலிருந்துதான் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1796-இல் இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் மலுக்குத் தீவுகளை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த பிறகு அங்கிருந்து கன்றுகளைக் கொண்டு வந்து நட்டார்கள். 1860 வாக்கில் நோய் வந்து தோட்டங்கள் அழிந்தன, மிச்சம்தான் இந்த மலைச் சரிவுகளில் இருக்கிறது. கன்று பூக்க ஏழெட்டு வருடம் ஆகும், அது வரை ஆண் மரமா பெண் மரமா என்றே தெரியாது. காய்ப்பது பெண் மரம்தான்.

நம் வீட்டில் நாம் பார்ப்பது பெட்டிக்குள் கிடக்கும் காய்ந்த கொட்டையை மட்டும்தான். அங்கே ஒரு பாட்டி முழுப் பழத்தைக் கத்தியால் பிளந்து காட்டினார். வெளிர் மஞ்சள் தோல், உள்ளே கெட்டியான வெள்ளைச் சதை, நடுவில் பளபளக்கும் கறுப்பு ஓடு, அதன்மேல் ரத்தச் சிவப்பில் வலை போட்ட மாதிரி ஜாதிபத்திரி. பிரியாணியில் போடும் அந்தப் பழுப்புச் சருகு இவ்வளவு சிவப்பாக இருந்திருக்கிறது என்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. சதையைச் சீவி உப்பில் ஊற வைத்து, பிறகு சீனியில் போட்டு வெயிலில் காய வைக்கிறார்கள். சதையை வேக வைத்து இறுத்தால் பானம். ஐஸ் போட்டு உப்பு பிளம் ஒன்று மிதக்க விட்டுக் கொடுத்தார். முதல் வாய் தைலம் குடித்த மாதிரி இருந்தது, மூன்றாவது வாய்க்குப் பிடித்துவிட்டது. கொட்டையை ஓட்டோடு காய வைக்கிறார்கள். காய்ந்ததா என்று அறிய காதருகில் வைத்து ஆட்ட வேண்டும், உள்ளே கடகடவென்றால் தயார்.

அத்தை ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “பூடாக் சாக்கிட் பெருட், குனா இனி” (பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் இதுதான்) என்றார், உள்ளங்கையில் தேய்க்கிற மாதிரி காட்டி. பாட்டி உடனே உள்ளே போய் ஒரு கருங்கல்லைக் கொண்டு வந்தார். அவரும் பேரப்பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுத்தவராம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு வசம்பு, கடுக்காய், மாசிக்காய் என்று முக்கால் மணி நேரம் போனது. தம்பி வாட்ச்சைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அன்றைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட்.

அதனால் காசு கட்டும் முன் ஏஜெண்டிடம் இவற்றைக் கேளுங்கள்: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, வழிகாட்டி வண்டி ஓட்டுபவரா தனி ஆளா, அம்மாவுக்குப் போட் சேர்த்தியா, கூட்டிக்கொண்டு போகும் இடத்தில் காயை உரிக்கிறார்களா விற்க மட்டும் செய்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு ஆள் மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஒரு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜாதிக்காயைக் கடையில் வாங்குவதானாலும் ஓட்டோடு வாங்குங்கள், பொடியாக வேண்டாம். ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.