அநுராதபுரமும் மிகிந்தலையும்: வன்னியிலிருந்து போகிறவர்கள் கேட்டவை

விடுமுறைக் காலத்தை ஒட்டி இந்த இரண்டு இடங்களைப் பற்றியும் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி விடை தந்திருக்கிறோம்.

கேள்வி: ஆறு பேர் வான் பிடித்துப் போகிறோம். மிகிந்தலை, அநுராதபுரம், தம்புள்ளை, சீகிரியா நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாமா?
– வாசகர், கிளிநொச்சி

முடியாது. ஒரு நாளுக்கு இரண்டு இடந்தான். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கே எழுபது கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து அநுராதபுரம் ஏறத்தாழ 55 கி.மீ., தம்புள்ளை ஏறத்தாழ 100 கி.மீ. சீகிரியாவில் ஏறி இறங்கவே மூன்று மணித்தியாலம் வேண்டும். நான்கையும் ஒரே நாளில் திணித்தால் பிள்ளைகள் வானுக்குள் நித்திரை கொள்வார்கள், பெரியவர்கள் வாகனத் தரிப்பிடத்தில் காத்திருப்பார்கள். தம்புள்ளையையும் சீகிரியாவையும் இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

மிகிந்தலையையும் அநுராதபுரத்தையும் எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ரம்பேவையில் வலப்பக்கம் திரும்பி நேரே அநுராதபுரம் போய், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மிகிந்தலைக்கு வருகிறார்கள். பகல் முழுக்கக் காய்ந்த கருங்கல்லில் வெறுங்காலோடு ஏறவேண்டி வருகிறது. மாற்றிச் செய்யுங்கள். அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, ரம்பேவையில் திரும்பாமல் ஏ-9 வீதியிலேயே நேரே போனால் ஏழு மணியளவில் மிகிந்தலை. கல் குளிர்ந்திருக்கும்போதே ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து அநுராதபுரம் மேற்கே 13 கி.மீ.

பத்தரைக்கு இசுறுமுனிய என்ற பாறை விகாரை. சிறிய இடம், ஒரு மணித்தியாலம் போதும். பாறையில் நீரோடு விளையாடும் யானைகளைப் பார்த்துவிட்டு, காதலர் சிற்பம் வைத்திருக்கும் சிறு காட்சிக்கூடத்துக்குள்ளும் போங்கள். பதினொன்றரையிலிருந்து மூன்று மணிவரை எந்தத் தூபியின் முற்றத்திலும் கால் வைக்கவேண்டாம். சாப்பிடவும், மரநிழலில் சரியவும் அந்த நேரம். மூன்றுக்குப் பிறகு அபயகிரிப் பக்கம் தொடங்குங்கள்: தூபி, சமாதிப் புத்தர், இரட்டைக் குளம், படியடியில் பதித்த அரைவட்டச் சிற்பக்கல்லான சந்திரவட்டக்கல். வரும் வழியில் ஜேதவனாராமய. பொழுது சாயும்போது ருவன்வெலிசாயவிலும் வெள்ளரசடியிலும் இருக்கவேண்டும். விளக்கேற்றும் நேரம் அது. வெள்ளைத் தூபியின் மேல் கடைசி வெளிச்சம் நிற்கும், கல்லும் ஆறியிருக்கும்.

வெள்ளரசைப் பற்றி ஒன்று. சுற்றியிருக்கும் பெரிய அரச மரங்களைப் பார்த்துவிட்டு அதுதான் மகாபோதி என்று எண்ணித் திரும்புகிறவர்கள் நிறைய. கி.மு. 288இல் நட்டதாகச் சொல்லப்படும் மரம் மேல்மாடத்தில், தங்க வேலிக்குள் இருக்கிறது. பொன்னிறத் தாங்குகோல்களில் சாய்ந்து நிற்கும் மெலிந்த கிளைதான் அது.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மிகிந்தலையில் 1,840 படி என்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகலாமா?
– வாசகி, நெடுங்கேணி

கூட்டிக்கொண்டு போங்கள். அத்தனை படியும் ஏறவேண்டிய தேவை அவருக்கு இல்லை. மலையின் பாதி உயரத்துக்கு வாகனப் பாதை இருக்கிறது. அடிவாரத்தில் இறங்கிவிடாமல், மேல் தரிப்பிடத்துக்குப் போகும்படி சாரதியிடம் முதலே சொல்லுங்கள். தெரியாத சாரதி கீழேயே நிறுத்திவிடுவார், பிறகு திரும்பிப் போய் வாகனம் எடுக்க யாருக்கும் மனம் வராது.

அந்த நடுமாடத்தில் அம்மா ஆறுதலாகப் பார்க்க நிறைய உண்டு. பிக்குகளின் உணவுச்சாலை இடிபாட்டில் சோறு நிறைத்து வைத்த நீண்ட கல்தொட்டியைப் பாருங்கள். பக்கத்திலேயே நான்காம் மகிந்தன் என்ற அரசனின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுப் பலகைகள் இரண்டு நிற்கின்றன. விகாரையில் வேலை செய்தவர்களுக்கு யாருக்கு என்ன கொடுப்பது என்பதுவரை அவற்றில் எழுதியிருக்கிறது. சிங்கக் குளமும் அருகிலேதான். அடிவாரத்தில், தட்டை நிலத்தில், பழைய வைத்தியசாலையின் அத்திவாரமும், நோயாளியைப் படுக்கவைத்து மருந்தெண்ணெய் ஊற்றிய மனித உருவக் கல்தொட்டியும் இருக்கின்றன. இவ்வளவையும் அதிகம் படியேறாமலே பார்க்கலாம்.

அம்பஸ்தல தூபிவரை போகத்தான் வேண்டும் என்றால் நடுமாடத்திலிருந்து இன்னொரு செங்குத்தான படிவரிசை. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலைக் கொல்வது இறக்கம். ஊன்றுகோல் ஒன்று கொண்டுபோங்கள். பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கச் சொல்லுங்கள்.

இளையவர்கள் அடிவாரத்திலிருந்தே நடக்கலாம். கீழ்ப் படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை, இருபுறமும் ஈழத்தலரி நிழல். மேலே ஆராதனைக்கல் என்ற மொட்டைப் பாறைக்குக் கல்லில் வெட்டிய படியும் இரும்புக் கைப்பிடியும் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். மழை பெய்த கையோடு பாறை வழுக்கும். அப்படியான நாளில் சிறுபிள்ளைகளை அங்கே ஏற்றாதீர்கள். மேலே உள்ள பெரிய தூபியான மகாசேயவின் முற்றத்திலிருந்தே குளங்களும் காடும் அநுராதபுரத்துத் தூபிகளும் தெரியும்.

குரங்குகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பொலித்தீன் பையைக் கண்டால் அதற்குள் சாப்பாடு என்றுதான் அவற்றுக்குக் கணக்கு. பூத்தட்டாக இருந்தாலும் பறிக்கும். துணிப்பையில் வாய் கட்டிக் கொண்டுபோங்கள்.

கேள்வி: வெள்ளை உடுப்புக் கட்டாயமா? சப்பாத்தை எங்கே விடுவது?
– மாணவி, வவுனியா

கட்டாயமில்லை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். ஆண்கள் அரைக் காற்சட்டையோடு வந்தால் வாசலிலேயே மறிப்பார்கள். சேலை, சுடிதார், வேட்டி எதுவும் பொருந்தும். வெள்ளையோ வெளிர் நிறமோ வெயிலுக்கு நல்லது.

பாதணியும் தொப்பியும் மணல் முற்றத்துக்கு முன்பே கழற்றவேண்டும். பெரிய இடங்களில் பாதணி காப்பவர்கள் துண்டு தந்து வாங்கி வைப்பார்கள், சில்லறை கொடுங்கள். ஆனால் ஒரு வாசலால் போய் இன்னொரு வாசலால் வெளியே வருகிறவர்கள்தான் வெயிலில் துள்ளித் துள்ளித் திரும்பி ஓடவேண்டியிருக்கும். ஆளுக்கொரு துணிப்பை வைத்து, செருப்பைக் கையோடு கொண்டுபோவதே சுகம். வார் கட்டும் சப்பாத்து வேண்டாம், ஒரு நாளில் பத்துத் தடவை கழற்றவேண்டும். தடித்த வெள்ளைக் காலுறை ஒரு சோடி வையுங்கள்.

படம் எடுக்கலாம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று எடுக்கக்கூடாது, சிலைமீது சாய்ந்தோ ஏறியோ எடுக்கவே கூடாது. இதைப் பெரிய குற்றமாகவே பார்க்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் சைவர்கள். உள்ளே என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது?
– வாசகர், மாங்குளம்

நம் கோயிலில் வலம் வருவதுபோலவே இடமிருந்து வலமாகச் சுற்றுங்கள். தாமரையோ நீலோற்பலமோ வாங்கி வைக்கலாம். இருந்து தியானிப்பவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். பெண்கள் பிக்குவின் கையில் நேரே எதையும் கொடுப்பதில்லை, மேசையில் வைத்தால் போதும். நீறும் பொட்டும் யாருக்கும் தடையில்லை. மச்சம் மாமிசம் புனித எல்லைக்குள் கொண்டுபோகவேண்டாம். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போவதே எல்லாவற்றுக்கும் நல்லது.

கேள்வி: தூபிகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதைக் கவனித்துப் பார்ப்பது?
– ஆசிரியர், ஒட்டுசுட்டான்

மாணவர்களோடு போகிறீர்கள் என்றால் மூன்று இடத்தில் நேரம் எடுங்கள்.

முதலாவது ஜேதவனாராமய. மகாசேன மன்னன் காலத்தில், 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. முதலில் 122 மீற்றர் உயரம், இப்போது 71 மீற்றர். எகிப்தின் இரண்டு பெரிய பிரமிட்டுகளுக்கு அடுத்தபடியாக அந்தக் காலத்து உலகில் உயர்ந்த கட்டடம் இது. ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெள்ளை பூசாததால் செங்கல் அடுக்கு அப்படியே தெரியும்.

இரண்டாவது, அபயகிரிக்கு அருகே உள்ள சந்திரவட்டக்கல். வெளி வட்டத்தில் தீச்சுவாலை, அடுத்து யானை, குதிரை, சிங்கம், எருது, பிறகு கொடி, அன்னம், நடுவில் தாமரை. பொலன்னறுவைக் காலத்துக் கற்களில் எருது இருக்காது. நந்தியை மிதிக்கக்கூடாது என்ற சைவ வழக்கத்தின் செல்வாக்கால் எடுத்தார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். பிள்ளைகளை விலங்குகளை எண்ணச் சொல்லுங்கள், பாடம் தானாக மனதில் நிற்கும்.

மூன்றாவது இரட்டைக் குளம். குளத்துக் கரையில் பிறந்து வளர்ந்த வன்னிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடமில்லை. ஒன்று 28 மீற்றர் நீளம், மற்றது 40 மீற்றர். நிலத்தடி வழியாக வரும் தண்ணீர் முதலில் சிறு தொட்டிகளில் நின்று வண்டல் படியும். தெளிந்த தண்ணீர்தான் மகர வாயால் சின்னக் குளத்துக்குள் விழும், அங்கிருந்து பெரிய குளத்துக்குப் போகும். அந்தத் தொட்டிகள் குளத்துக்கு வெளியே, கால் மட்டத்தில் இருப்பதால் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சின்னக் குளத்தின் மகர வாய்க்குப் பின்பக்கம் போய்த் தேடிக் காட்டுங்கள்.

கேள்வி: எல்லாளன் சமாதி இன்னும் இருக்கிறதா? தமிழர் தொடர்பான வேறு இடங்கள்?
– வாசகர், முல்லைத்தீவு

எல்லாளன் 44 ஆண்டுகள் அநுராதபுரத்தில் இருந்து ஆண்டான். அவனை வென்ற துட்டகைமுனு சமாதி எழுப்பி, அதைக் கடந்து போகிறவர்கள் வாத்தியங்களை நிறுத்தவேண்டும் என்று கட்டளையிட்டதாக மகாவம்சம் சொல்கிறது. மகாபோதிக்குத் தெற்கே உள்ள பெரிய செங்கல் மேட்டைத்தான் நீண்ட காலம் எல்லாளன் சமாதி என்றார்கள். 20ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர்கள் அதைத் தக்கிணத் தூபி என்று அடையாளம் கண்டார்கள். பலகையிலும் அந்தப் பெயர்தான். கூட்டம் குறைந்த, அமைதியான இடம், அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

தமிழ் இல்லறத்தார் கட்டிய மாடமொன்றைப் பற்றிய பழைய பிராமிக் கல்வெட்டும் அநுராதபுரத்தில் உண்டு. அங்கே அமரும் இடங்களில் ஒன்று ஒரு மாலுமிக்கு உரியது. வவுனியா மாவட்டத்தின் பெரியபுளியங்குளத்துப் பிராமிக் கல்வெட்டு, விசாகன் என்ற தமிழ் வணிகன் பிக்குகளுக்குக் குகை கொடுத்ததைச் சொல்கிறது. இந்த மண்ணின் பௌத்தத்தில் தமிழருக்கும் பங்கிருந்தது என்பதற்கு இவை கல்லில் உள்ள சாட்சி. பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: அரை நாள்தான் இருக்கிறது. வவுனியாவுக்கு அருகில் ஏதாவது?
– வாசகி, செட்டிகுளம்

மதுகந்த விகாரை. ஹொரவப்பொத்தானை வீதியில் நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரந்தான். கலிங்கத்திலிருந்து 4ஆம் நூற்றாண்டில் வந்த புனித தந்தம் அநுராதபுரம் போகும் வழியில் இங்கே தங்கியது என்பது மரபு. திரும்பி வரும்போது வவுனியா நூதனசாலையில் இந்தப் பகுதியில் கிடைத்த புத்தர் சிலைகளைப் பாருங்கள். திறக்கும் நாளை முன்பே விசாரியுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? பொசொனுக்குப் போகலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

தை நடுவிலிருந்து பங்குனி வரை. மாரி மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. அந்த மாதங்களில் பசவக்குளத்தின் மேற்குக் கரைக்குப் பிற்பகல் போய்க் கிழக்கே பாருங்கள், தண்ணீருக்கு அப்பால் தூபிகள் மாலை வெயிலில் நிற்கும். இரவு தங்கினால் விடியற்காலை நுவர வாவிக் கட்டில் நடக்கலாம்.

பொசொன் யூன் மாதப் போயா. மகிந்த தேரர் மிகிந்தலைக்கு வந்த நாள் என்பதால் நாடு முழுக்க அங்கேதான் திரளும். பக்தியையும் தன்சல் பந்தலையும் பார்க்க ஆசையென்றால் போங்கள். இடிபாடுகளைப் பார்க்கத்தான் என்றால் அந்த வாரத்தையே விடுங்கள், வாகனம் நிறுத்தவே அரை நாள் போகும். மற்றப் போயா நாட்களிலும் வெள்ளரசடியில் நெரிசல்தான்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. அவர்களுக்கும் இலவசமா?
– வாசகர், பரந்தன்

இல்லை. இலங்கை அடையாள அட்டை உள்ளவர்களுக்கு அநுராதபுரத்தில் பெரும்பாலான இடங்கள் இலவசம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுச்சீட்டு வேண்டும், அது மலிவில்லை. மிகிந்தலைக்கும் இசுறுமுனியவுக்கும் அந்தச் சீட்டுச் செல்லாது, தனித்தனியாக எடுக்கவேண்டும். தமிழ் பேசினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போய் வாசலில் தர்க்கப்படவேண்டாம். சீட்டை நாள் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.

கேள்வி: இரவில் ஏ-9 வழியாகத் திரும்புவது பயமில்லையா?
– வாசகி, ஓமந்தை

மாடுகளுக்குத்தான் பயப்படவேண்டும். இருட்டினதும் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுக்கும், மழைக் காலத்தில் இன்னும் கூட. கறுத்த மாடு வெளிச்சம் கிட்ட விழும்வரை தெரியாது. வேகத்தைக் குறைத்து ஓடச் சொல்லுங்கள். பகல் முழுக்க வெயிலில் காத்திருந்த சாரதிக்கு மதவாச்சியில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். முன் இருக்கையில் நித்திரை கொள்ளாத ஒருவர் இருக்கவேண்டும்.