பழைய வீடும் சுண்ணாம்புச் சாந்தும்: வட ஆற்காட்டு வாசகர்களின் கேள்விகள்

மழை ஓய்ந்ததும் பழைய வீட்டுக்காரர்கள் சுவரை அண்ணாந்து பார்க்க ஆரம்பிப்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வட ஆற்காட்டிலிருந்து. எந்தச் சாந்து பூசலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதியவர்கள் குறைவு.

ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர்: தாத்தா கட்டிய செங்கல் வீடு. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உதிர்கிறது. இரண்டு தடவை சிமெண்ட் பூசியாச்சு. இப்போது செங்கல்லே மாவாகக் கொட்டுகிறது. வாட்டர் புரூஃப் கலந்து இன்னொரு தடவை பூசலாமா?

வேண்டாம். சுவர் இந்த நிலைக்கு வந்ததில் அந்த இரண்டு பூச்சுக்கும் பெரிய பங்கு உண்டு.

பழைய சுவர்களில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை, ஏறிய ஈரம் அதன் வழியாகவே காய்ந்து போய்க்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. வெளியே போக முடியாத ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறுகிறது. காயும் இடத்தில் உப்பு படிகமாகி, செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து பிளக்கிறது. நீங்கள் பார்க்கும் மாவு அதுதான். பாலாற்றங்கரையில் இந்தத் தொல்லை கூடுதல். தோல் தொழிற்சாலைக் கழிவால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பாகிக் கிடக்கிறது.

பூச்சைத் தொடுவதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்தில் இறங்கியிருக்கும். திண்ணையில் முன்பு எத்தனை படி இருந்தது, இப்போது எத்தனை தெரிகிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரிந்துவிடும். சுவரை ஒட்டிய சாக்கடை, பின்னாளில் கட்டிய குளியலறை, சுவரோரம் தண்ணீர் விட்டு வளர்க்கிற செடி, எல்லாவற்றையும் பாருங்கள். உள்ளே பழைய தரையைப் பெயர்த்து வழவழப்பான டைல்ஸ் ஒட்டியிருக்கிறீர்களா? தரை வழியே காய்ந்துகொண்டிருந்த ஈரமும் இப்போது சுவருக்குத்தான் போகிறது.

அப்புறம் சிமெண்ட்டைச் சின்ன உளியால் கையாலேயே கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். மெஷின் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். ஒரு கோடை முழுக்கச் சுவர் திறந்தபடி காயட்டும். பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். மாவாகிப்போன கற்களுக்குப் பதில், இடித்த வீடுகளில் கிடைக்கும் அதே அளவு பழைய செங்கல்லை வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் இரண்டு பூச்சு. சாந்து குழைக்க போர் தண்ணீர் வேண்டாம், மழைநீரோ குடிதண்ணீரோ பயன்படுத்துங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். வால் புட்டி, எமல்ஷன் பெயிண்ட் எதுவும் கூடாது.

முதல் சில வருடங்களில் இந்தப் பூச்சும் அங்கங்கே உதிரலாம். பதற வேண்டாம். உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். கரைந்த செங்கல்லுக்கு அந்த வசதி இல்லை.

ஆம்பூரிலிருந்து ஒருவர்: பூச்சுக்கு என்ன கலவை? கடையில் விற்கும் பாக்கெட் சுண்ணாம்பு போதுமா? கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் எவ்வளவு?

பாக்கெட்டில் வருவது முன்பே நீற்றிய, அதாவது சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு உடைய வைத்த, தூள். புதிதாக இருந்தால் சரி. பல மாதம் கடையில் கிடந்தது என்றால், காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லின் குணத்துக்குத் திரும்பியிருக்கும். ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்தால் அது கிழமாகிவிட்டது என்று அர்த்தம், பூச்சுக்கு ஆகாது.

சுட்ட சுண்ணாம்பைக் கட்டியாக வாங்கி நீங்களே நீற்றுவதுதான் நல்லது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். நல்ல கட்டி சீறிக்கொண்டு வெடித்து, தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊறவிடுங்கள். மூன்று வாரமாவது ஊறட்டும்; அதற்கு மேல் எவ்வளவு ஊறினாலும் நல்லதுதான். நீறாத குருணை உள்ளே தங்கினால், பூசிய பிறகு சுவரிலேயே நீறி, அம்மைக் கொப்புளம்போல் பூச்சைத் தள்ளும்.

அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல் என்று தொடங்கலாம். சுர்க்கி என்பது செங்கல்லை இடித்துச் சலித்த பொடி. அதற்குச் சூளையில் கறுத்து உருகிய கல் உதவாது. மிதமாக வெந்த கல்தான் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். மணல் விரலில் நெருடுகிற மாதிரி, மண் கலக்காமல் இருக்க வேண்டும். எம் சாண்ட் என்றால் தூசி போக அலசிவிடுங்கள். பூச்சு ஒரு தடவைக்கு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

கடுக்காய்க்கும் வெல்லத்துக்கும் இப்போது ஏதோ மந்திர மதிப்பு வந்துவிட்டது. வெல்லம் சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரையவைக்கிறது, சாந்தும் குழைவாக வருகிறது. கடுக்காயின் துவர்ப்பு பூச்சுக்கு இறுக்கம் தரும் என்று கொத்தனார்கள் நம்பிச் சேர்த்துவந்தார்கள். கடுக்காயைத் தட்டி, சில நாள் ஊறவைத்து வடித்த நீர் லேசான பழுப்பாக இருந்தால் போதும். வெல்லம் அதிகமானால் சாந்து இறுகாது, எறும்பும் வரும். முட்டை வெள்ளைக்கரு பளபளப்பு தேய்க்கும் கடைசிப் பூச்சுக்கு உரியது. அதை அடிப்பூச்சில் ஊற்றுவது பணத்துக்குக் கேடு. சுண்ணாம்பும் மணலும் சரியில்லை என்றால் எந்தக் கஷாயமும் உங்களைக் காப்பாற்றாது.

வாணியம்பாடி: சுண்ணாம்புச் சாந்து சீக்கிரம் இறுக ஒரு சட்டி சிமெண்ட் சேர்க்கலாம் என்கிறார் மேஸ்திரி.

அவருக்கு அவசரம். உங்களுக்கு அது தேவையில்லை. இறுக வேண்டும் என்றால் சுர்க்கியைக் கூட்டுங்கள்.

வாலாஜாவிலிருந்து ஒரு வாசகி: எங்கள் மாமனார் வீட்டு மேல்தளம் மெட்ராஸ் ஒட்டு, மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கியது. மழையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மேலே மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று ஒருவரும், இடித்துவிட்டு ஆர்.சி.சி. போடலாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள்.

இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அம்மா. மூன்று அங்குல கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை என்றால் கிட்டத்தட்ட 3 டன். ஏற்கெனவே வயதான தேக்குச் சட்டங்களின் தலையில் அதை ஏற்றப் போகிறீர்கள். ஒழுகலும் நிற்காது. கான்கிரீட் விரிந்து சுருங்கி ஓரத்தில் வெடிக்கும், அதில் இறங்கும் தண்ணீர் காயாமல் மரத்தை இற்றுப்போக வைக்கும்.

இந்தத் தளத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். சட்டங்களின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதன் மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. அந்த ஜல்லித் தளத்தில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் வெல்லத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். முதலில் கட்டை சதக் சதக்கென்று உள்ளே பதியும். இறுக இறுகச் சத்தம் மாறும். கடைசியில் கட்டை பதியாமல் துள்ளித் திரும்பும். அதன் பிறகுதான் ஓடு பதிக்க விடுவார்கள்.

இப்படித் தட்டிய தளம் நடுவில் ஒழுகுவது அபூர்வம். பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில், அல்லது மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு வாயில்தான் கோளாறு இருக்கும். அங்கே அரசங்கன்று முளைத்திருக்கிறதா? இலையைக் கிள்ளிவிட்டால் போதாது. கல்லைத் திறந்து வேரை எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். தட்டோட்டைச் சுத்தியலின் பின்புறத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். பொக்கென்று கேட்கும் ஓடுகளை மட்டும் எடுத்து, கீழே உள்ள விரிசலில் சலித்த சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கரைசலை ஊற்றி, மறுபடி பதிக்கலாம். மூலையில் சுண்ணாம்புச் சாந்தால் சரிவாக ஒரு குழவு கொடுங்கள்.

முக்கியமானது ஒன்று உண்டு. ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே சட்டத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே எளிதாக இறங்கினாலோ, கறையான் புற்று தெரிந்தாலோ, தளத்தில் யாரையும் ஏற்றாமல் முட்டுக் கொடுத்துவிட்டு, மர வேலை தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். இற்ற சட்டத்தை மட்டும் மாற்ற முடியும். இடிப்பது அதற்கும் வழியில்லை என்றான பிறகு பேச வேண்டியது.

குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து: கும்பாபிஷேகம் வருகிறது. குலதெய்வக் கோயில் விமானத்தில் சுதை பொம்மைகள் சிதைந்திருக்கின்றன. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, எனாமல் அடித்தால் பளிச்சென்று இருக்கும் என்கிறார் கான்ட்ராக்டர்.

பளிச்சென்றுதான் இருக்கும், மூக்கும் விரலும் இல்லாமல். மணல் வீச்சைக் கோயில் திருப்பணியில் அறநிலையத் துறையே தடை செய்திருக்கிறது. உங்கள் கோயில் துறையின் கீழ் இல்லாவிட்டாலும் காரணம் ஒன்றுதான். மென்மையான பிரஷ், மூங்கில் குச்சி, பொறுமை, இவை போதும். எனாமல் சுதையின் மேல் தோல்போல் மூடி, உள்ளே ஈரத்தைத் தேக்கும். சிதைந்த இடத்தைச் சுண்ணாம்புச் சுதையாலேயே வளர்த்தெடுக்கத் தெரிந்த ஸ்தபதியைப் பிடியுங்கள். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு பொம்மையையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கையில் இருந்தது சூலமா தண்டமா என்று பிறகு சண்டை வராது.

வேலூர் லாங் பஜார் பக்கம்: கோட்டைக்கு அருகே எங்கள் பழைய கட்டிடம். உள்ளே பூச்சு வேலை செய்யக்கூட அனுமதி வேண்டுமா?

தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டிடத்தைப் பழுதுபார்க்க, அதற்கென்று உள்ள தகுதி அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். கட்டிடம் பழையது என்று காட்ட வீட்டு வரி ரசீது, பழைய பத்திரம், மின் இணைப்பு ஆவணம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உங்கள் பூச்சு வேலை இதில் எந்த வகையில் வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

காட்பாடி: புதிதாகக் கட்டும் கான்கிரீட் வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு நல்லதா?

அழகுக்கு வேண்டுமானால் செய்யுங்கள். கான்கிரீட் தூணுக்கும் பீமுக்கும் அதனால் எந்த லாபமும் இல்லை, பிடிப்பும் சரியாக வராது. அந்தச் செலவில் ஒரு பழைய வீட்டின் திண்ணையைக் காப்பாற்றலாம் என்பது என் கருத்து.

திருப்பத்தூர்: எந்த மாதம் வேலையைத் தொடங்கலாம்?

தை பிறந்ததும். பங்குனிக்குள் பூச்சை முடித்துவிடுங்கள். நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பூசினால், சாந்து இறுகுவதற்குள் காய்ந்து வெடிக்கும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடி மழை. ஐப்பசி, கார்த்திகையைக் கேட்கவே வேண்டாம். பூசிய சுவருக்கு நனைத்த கோணியைத் தொங்கவிட்டு, ஒரு வாரத்துக்குக் குறையாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். சுண்ணாம்பு முழுதாக இறுக மாதங்கள் ஆகும். அதுவரை ஆணி அடிக்காதீர்கள்.

நீற்றும் நாளில் குழந்தைகளைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவியபடியே கண் மருத்துவரிடம் கிளம்ப வேண்டும்.